கைராசி பிரதர்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது மேடம். எங்கள் வார்டுக்கு நாற்காலி வாங்கியவர்கள் ஒருநாள் இங்கே வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம். மருந்து ஏறி முடிகிற வரைக்கும் ஒரு மனிதர் அதில் சாய்ந்து கிடக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் பல தடவை சொன்னேன். தலையணை அனுப்பினார்கள்.

டீ வேண்டாம். வாங்கி வந்தவர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வயிறு சரியில்லை, அவ்வளவுதான். நான் சுற்றி வளைத்துப் பேசப் போவதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, படுத்துத் தூங்க வேண்டும். சரியாகத் தூங்கி ரொம்ப நாளாகிறது. மனசாட்சி உறுத்தலால் என்று எழுதிவிடாதீர்கள். நின்று நின்று பார்த்த வேலை, கால் குடைகிறது.

நான் புற்றுநோய் வார்டில் நர்ஸ். பெண்ணாக இருந்தால் சிஸ்டர் என்பார்கள், ஆண் என்பதால் பிரதர். அங்கே பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. கொஞ்ச காலமாகப் பிரதருக்கு முன்னால் இன்னொரு வார்த்தையும் ஒட்டிக்கொண்டது. கைராசி பிரதர். இன்றைக்குக் கைராசி பிரதர் டூட்டியில் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் சிலர் வீட்டைவிட்டே கிளம்புவார்கள். நான் லீவு என்றால் மருந்தைத் தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் கெஞ்சுவார்கள். ‘மருந்து எழுதறது நான், பேரு உனக்கா?’ என்று டாக்டர் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். நல்ல மனிதர். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் மருந்தைக் கலப்பவர் ஒருவர், ஏற்றுபவர் இன்னொருவர். எங்களுடையது நடுத்தரம். மருந்தகத்திலிருந்து குப்பிகள் வரும். கண்ணாடி அறைக்குள் போய், இரட்டைக் கையுறை மாட்டி, காற்றை உறிஞ்சிக்கொள்கிற பெட்டிக்குள் கையை நீட்டி, உப்புநீர்ப் பையில் மருந்தைக் கலந்து, பெயர் ஒட்டி, வெளியே கொண்டுவந்து ஏற்றுவது வரை எல்லாம் என் வேலை. கலக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று சரிபார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆள் பற்றாக்குறையில் அந்த விதி வெறும் கையெழுத்தாக மெலிந்துவிட்டது. நான் கலந்து முடித்தபிறகு ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்து, ‘எல்லாம் சரிதானே பிரதர்?’ என்பார். சரி என்பேன். கையெழுத்துப் போடுவார். அவரையும் விட்டுவிடுங்கள். என்னை நம்பினார்.

நாங்கள் அதிகமாக ஏற்றுவது ஒரு பிளாட்டினம் மருந்து. நகைக்கடையில் இருக்கிற அதே உலோகம்தான். கட்டியைக் கரைக்கும். கூடவே குடலைப் புரட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காதை மந்தமாக்கும், விரல் நுனியில் உணர்ச்சியை அழிக்கும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று டாக்டரே சொல்லுவார். சொல்லிவிட்டு, இந்த எலியை விட்டால் அது வீட்டையே தின்றுவிடும், அதனால் வேறு வழியில்லை என்றும் சேர்த்துச் சொல்லுவார். இரண்டாவது பாதியை நானும் கேட்டிருக்கிறேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த வார்டின் சத்தம் உங்களுக்குத் தெரியாது. ஒருவர் வாந்தி எடுக்க ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் வரும், அவரைப் பார்த்து அடுத்தவருக்கும். நான் வாந்தி பிடிக்கிற பேசினைத் தூக்கிக்கொண்டு ஒரு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவேன். ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு, ‘மன்னிச்சுக்குங்க பிரதர்’ என்பார். அவர் என்ன தப்பு செய்தார், என்னிடம் மன்னிப்புக் கேட்க? எனக்கு அலுத்துப்போனது வேலை இல்லை மேடம். அந்த மன்னிப்புத்தான்.

கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் எங்களிடம் வந்து, முழுச் சிகிச்சையும் முடித்து, குணமாகிப் போனார். கொஞ்ச மாதம் கழித்து வார்டுக்கு வந்து கதவோரம் நின்றார். நான் சந்தோஷமாகப் போனேன். அவர் பையிலிருந்து ஒரு சின்னத் திருகாணியை எடுத்து மேஜையில் வைத்து, அதை விரலால் எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. திருகாணி உருண்டு உருண்டு ஓடியது. ‘உசுரு இருக்கு பிரதர். கை போச்சு. இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?’ என்றார். சண்டை போட வரவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் என்று வந்திருக்கிறார். அவர் போன பிறகு திருகாணி அங்கேயே கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அதன்பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும், இப்போது முகத்துக்குப் பூசுகிற க்ரீமில் கூட எழுதிவிடுகிறார்கள். இந்தப் பிளாட்டினம் உடம்புக்குள் போனதும் அங்கிருக்கிற ஆக்ஸிஜனுக்கு வெறிபிடிக்க வைக்கிறது. வெறிபிடித்த ஆக்ஸிஜன் கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துக் குதறுகிறது, காது, சிறுநீரகம், நரம்பு என்று. ஆன்டிஆக்ஸிடன்ட் அதைச் சாந்தப்படுத்தும். இதைக் கொடுத்தால் பக்கவிளைவு குறைகிறது என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. கட்டிக்கும் சேர்த்துக் கவசம் மாட்டிவிடுகிறோமோ என்று சில சந்தேகப்படுகின்றன. இரண்டையும் படித்தேன். மனிதனுக்கு எது வேண்டுமோ அதுதான் மனதில் தங்குகிறது.

சரக்குக்கு நான் எங்கும் அலையவில்லை. எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் தோல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முகம் வெளுக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு அங்கே ஊசி போடுவார்கள். அந்த ஊசி மருந்தும் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்தான். சின்னச் சின்னக் குப்பி. பாதியில் விலகிப்போன ஆட்களின் குப்பிகள் அலமாரியில் தேங்கிக் கிடக்கும். கேட்டேன், கொடுத்தார்கள். அக்காவுக்கு முகத்தில் கருமை என்று சொன்னேன். என் அக்கா அதைக் கேட்டிருந்தால் என் முகத்தைக் கருக்கியிருப்பாள்.

தனியாக ஏற்றினால் இது என்ன பை, யார் எழுதியது என்று கேள்வி வரும். அதனால் பிளாட்டினம் பையிலேயே கலந்தேன். நிறம் மாறாது, நுரைக்காது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கந்தகம் உள்ள இந்த மாதிரிப் பொருள்களை அதே பையில் சேர்த்தால் மருந்தைக் கட்டிப்போட்டுச் செயலற்றதாக்கிவிடும் என்று மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளில் போட்டிருக்கிறது. பொடி எழுத்து. நான் கண்ணாடி போடுகிறவன். படித்தேன்.

முதலில் ஏற்றியது யாருக்கு என்று ஞாபகம் இல்லை. யாரோ ஒரு பெரியவர். மருந்து ஏறி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தார். பசிக்கிறது என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பசிக்கிறது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருடைய மருமகள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ‘உங்க கைராசி பிரதர்’ என்றாள். அப்போதுதான் அந்த வார்த்தை பிறந்தது. நானாக வைத்துக்கொண்டது இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கெட்டதற்கு மட்டும் இல்லை, நல்லதற்கும் அதுதான். எனக்குத் தூரத்துச் சொந்தங்களிடமிருந்தெல்லாம் போன் வந்தது. பழத்தைக் கூடையோடு கொண்டுவந்து வைப்பார்கள், நான் சிஸ்டர்களுக்குக் கொடுத்துவிடுவேன். வார்டு அமைதியானது. நாற்காலிகளில் மனிதர்கள் பேசிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் காலையில் கதவைத் திறந்து நுழையும்போது எல்லா முகமும் ஒன்றாகத் திரும்பும். வீட்டில் எனக்காகத் திரும்புகிற முகம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் என்னைத் திட்டுவதற்கு. மனைவி பிரிந்துபோன பிறகு அக்காவும் நானும்தான் வீட்டில்.

எல்லோருக்கும் போட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. குப்பி கிடைக்க வேண்டுமே. தவிர, எல்லோருக்கும் கொடுக்க மனசு வர வேண்டுமே. ஓய்வுபெற்ற கேஷியர் ஒருவர் வருவார். எதற்கெடுத்தாலும் குறை. ஊசி குத்தினது கோணல், போர்வை நாற்றம், நான் நடக்கிற சத்தம் தலைவலி. என்னைப் பற்றி மேலிடத்தில் இரண்டு தடவை வத்தி வைத்தார். அவருக்கு நான் ஒன்றும் சேர்க்கவில்லை. டாக்டர் எழுதினதை எழுதினபடி ஏற்றினேன். கிழிந்த நாராகப் போனார் பாவம், ஒவ்வொரு தடவையும். இப்போது பூங்காவில் தினமும் நடக்கிறார் என்று கேள்வி. என்னிடம் அன்பாக இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர் நடக்கிறார். அதில் என்ன நியாயம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

எப்போது தெரிந்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். அதையும் சொல்கிறேன். டாக்டர் மாதாமாதம் எங்களை உட்கார வைத்துப் பேசுவார். அன்றைக்கு ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் இளைத்துப்போயிருந்தார். ‘நம்ம வார்டுல வாந்தி குறைஞ்சிருக்கு. எல்லாரும் நல்லா சாப்பிடறாங்க. ஆனா கட்டி மட்டும் கரைய மாட்டேங்குது. மருந்துக் கம்பெனிய மாத்திப் பாக்கலாமா?’ என்றார். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கம்பெனியை மாற்றினார்கள். இரண்டு மாதம் அந்தப் புதுக் கம்பெனிக் குப்பியின் மூடியைத் திறக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம் என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தேன். பாட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். சிறுநீர்ப்பையில் கட்டி. காது மந்தமாகும் என்று கேள்விப்பட்டுப் பயந்துபோய் வந்திருந்தார். சுருதி பிசகினால் முதலில் காதுதானே சொல்ல வேண்டும் என்றார். ‘ஒங்கள நம்பித்தான் வந்திருக்கேன் பிரதர். உசுர விட எனக்குக் காது பெருசு’ என்றார். பேச்சுக்குச் சொல்வதுதான். எல்லோரும் சொல்வார்கள். நான் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன். அவர் கேட்டதைத்தான் அவருக்குக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு குப்பி அவருக்குப் போதவில்லை. மருந்து ஏறினபிறகு லேசாக மயக்கமாக இருக்கிறது என்றார். அடுத்த தடவை இரண்டு போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு வந்தது.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளிடம் படித்தவர்கள் வேறு யாரிடமும் பயப்பட மாட்டார்கள் என்று சொல்வார்கள், அவ்வளவு பயத்தையும் அவளே கொடுத்துத் தீர்த்திருப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போடுகிற வேலையே போதும், வீட்டிலும் வேண்டாம் என்பாள். வயிற்று வலியை ஆறு மாதம் மறைத்துவைத்து, ஒருநாள் ரத்தம் போனபிறகு சொன்னாள். கர்ப்பப்பை வாயில் கட்டி. டாக்டர் அதே பிளாட்டினத்தை எழுதினார். ‘கழுத்துல போட வக்கில்லாதவளுக்கு நரம்புல போடறாங்களா, பரவாயில்லையே’ என்றாள்.

நான் அவளுக்கு ஏற்ற மாட்டேன் என்றேன். சொந்த ரத்தத்துக்கு ஊசி போட்டால் கை நடுங்கும், வேறு நாள் வா, சிஸ்டர் போடட்டும் என்றேன். அவள் விடவில்லை. ‘ஊரே உன் கைக்கு வரிசையில நிக்குது. நான் மட்டும் வேற கைக்குப் போகணுமா? போடா’ என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். கண்ணாடி அறைக்கு எதிரில் இருந்த நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் பாட்டு டீச்சர்.

ஒரே காலையில் இரண்டு பை கலந்தேன். டீச்சருடைய பையில் குப்பிகளைச் சேர்த்தேன். அக்காவுடைய பையில் டாக்டர் எழுதினது மட்டும். அவளுடைய எடையைத் திரும்பவும் பார்த்து, கணக்கை இரண்டு தடவை போட்டு, கலந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பக்கத்தில் வந்து நின்று சரிபார்க்கச் சொல்லி சிஸ்டரையும் கூப்பிட்டேன். விதிப்படி. ‘என்ன பிரதர் இன்னைக்குப் புதுசா?’ என்று அவர் சிரித்தார். அன்றைக்குக் குப்பி தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம் என்று இங்கே வரும் வழியில் யோசித்தேன். தீரவில்லை. அலமாரியில் இருந்தது.

அக்காவின் சிகிச்சை எப்படிப் போனது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்பு மாதிரி இருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. நான் பேசினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவள் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னைத்தான் திட்டினாள். பக்கத்து நாற்காலியில் டீச்சர் பழத்தை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, அக்காவுக்குத் தலையைக் கோதிவிடுவார். சீவும்போது கொத்துக் கொத்தாக வந்த முடியைச் சுருட்டி ஒளித்து வைப்பதும் அவர்தான். இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். குணமானதும் டீச்சர் அக்காவுக்குப் பாட்டும் அக்கா டீச்சருக்குக் காரும் சொல்லிக்கொடுப்பது என்று ஒப்பந்தம். யாருக்குப் பொறுமை முதலில் போகும் என்று வார்டே பந்தயம் கட்டியது.

ஒருநாள் அக்கா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். ‘ஏண்டா, ஊருக்கெல்லாம் கைராசி. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் கைய விரிச்சிட்டியா?’

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி அக்கா என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை, பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்க் கையைக் கழுவினேன். வெளியே வர நேரமானது.

அக்காவுக்குக் கட்டி கரைந்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டர் படத்தைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி என்னைக் கூப்பிட்டார். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நல்ல படம் பார்க்கிறேன் என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வாழ்க்கையில் அதற்கு முன்னால் அப்படி அழுததில்லை. சந்தோஷத்தில்தான்.

முழுசாகத் திரும்பி வந்தாள் என்று சொல்ல முடியாது. போன் அடித்தால் அவளுக்குக் கேட்பதில்லை. பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் பஞ்சு வைத்துக் கட்டினதுபோல இருக்கிறது என்கிறாள். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று கால் சொல்லவில்லையாம். பயிற்சிப் பள்ளி வேலை போய்விட்டது. வாசலில் நிற்கிற காரைத் துடைப்பாள், உள்ளே உட்காருவாள், சாவியைப் போட மாட்டாள். ஆனால் இருக்கிறாள் மேடம். காலையில் எழுந்து என்னைத் திட்டுகிறாள்.

டீச்சருக்குக் கட்டி கரையவில்லை. நுரையீரலுக்குப் போயிருந்தது. கடைசிவரைக்கும் காது நன்றாகக் கேட்டது. நான் பார்க்கப் போனபோது பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று ஜன்னல் வழியாகப் பாடிக்காட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் படுத்தபடியே விரலை ஆட்டி, ‘கீழ இறங்கிட்ட பாரு, மேல வா’ என்றார். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். உங்களால்தான் கடைசிவரை பாட்டுக் கேட்டேன் என்றார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை. யாருமே சொன்னதில்லை. என் கையில் போனவர்களில் ஒருவர்கூட என்மேல் வருத்தத்தோடு போகவில்லை.

டீச்சருடைய இறுதிச் சடங்குக்குப் போய்விட்டு வந்த அக்கா அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சாதம் போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

‘டீச்சர் பையில கடைசியா ஒரு குட்டிக் குப்பி ஊத்துவியே, அது என்ன?’ என்றாள்.

நான் எந்தக் குப்பி என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்கிற வழக்கமே அவளுக்குப் போய்விட்டது, கையைத்தான் பார்ப்பாளாம். கண்ணாடி அறைக்குள் என் கையை ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறாள். டீச்சருக்குக் கலக்கும்போது கை சட்டென்று போய்வருமாம். அவளுக்குக் கலக்கும்போது நிதானமாக இருக்குமாம். தெரியாமல் தப்பு செய்கிறவன் கை தடுமாறும், தெரிந்து செய்கிறவன் கை வேகமாகப் போகும் என்றாள்.

‘சத்து மருந்து மாதிரிக்கா. பக்கவிளைவு வராம இருக்கறதுக்கு’ என்றேன்.

‘நல்லதா, கெட்டதா?’

‘நல்லதுதான்.’

‘அப்ப எனக்கு ஏன் போடல?’

சாப்பாடு ஆறுகிறது அக்கா என்றேன். அவள் எழுந்து போய் வாசலில் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள். இருட்டும்வரை வரவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் திட்டவும் இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

புகார் கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்லக் கூடாது, எனக்குத் தெரியும், நான் கேட்கவும் இல்லை. கையெழுத்து கோணல்மாணலாக இருந்திருக்கும். அக்காவுக்கு இப்போது விரலிலும் உணர்ச்சி இல்லை, பேனா நழுவும். அதை வைத்துப் புகாரைச் சந்தேகப்பட்டுவிடாதீர்கள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. என்மேல் கோபத்தில் கூட்டிச் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு அது வராது.

எத்தனை பேர் என்று முதலிலேயே கேட்டீர்கள். எண்ணி வைக்கவில்லை. கைராசி பிரதர் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களை விசாரியுங்கள், கணக்கு கிடைத்துவிடும். டாக்டர் அந்த ஸ்கேன் படங்களைப் பற்றிச் சொன்னதற்குப் பிறகும் போட்டேனா என்றால், போட்டேன். அக்காவுக்கு ஏற்றின காலத்திலும், அதற்குப் பிறகும் போட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானேதான் கலந்தேன், நானேதான் ஏற்றினேன். இதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

ஆனால் கொலை என்கிற வார்த்தையை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம். மருந்தைக் கட்டிப்போடும் என்று தாளில் இருந்தது, வாஸ்தவம். தாளில் ஆயிரம் இருக்கும். உறுதியாக யாருக்குத் தெரியும்? ஆராய்ச்சி செய்கிறவர்களே இரண்டு பக்கமாக நிற்கும்போது நான் ஒரு சாதாரண நர்ஸ். இது உயிரைக் குடிக்கும் என்று ஒரு நிமிஷமாவது நம்பியிருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். வலியில்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த மனிதர்களை எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா கேட்ட அதே கேள்வியை நீங்களும் கேட்கிறீர்கள். அன்றைக்கு அவளிடம் சாப்பாடு ஆறுகிறது என்றேன். இன்றைக்குக் களைப்பாக இருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் என் அக்கா மேடம். அவள் உயிரோடு போய் நான் விளையாடுவேனா?